நாலு டெராபைட் பகை

ஏப்ரல் 26

இன்று மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று மேலெழும்பி, இரண்டு முறை புரண்டு, பூ விழுந்து தரையிறங்கியது. பயணிகள் எவருக்கும் காயமில்லை. பூ கேட்டிருந்தவன் நான். தலை கேட்டவள் என் அக்கா நிரஞ்சனா; தலைக்கனம் உள்ளவள் வேறென்ன கேட்பாள். இதை முன்னிட்டு நாளை பள்ளிகளுக்கு விடுமுறை. ஏற்கெனவே கோடை விடுமுறைதான் என்பது வேறு விஷயம்.

வருங்காலத்தில் இந்த நோட்டை ஆராயப்போகிறவர்களுக்காகப் பின்னணி. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் கேமிங் கம்ப்யூட்டர் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். எடுத்தேன். பரிசு ஒரு வருடம் தாமதமாக வருகிறது. வரும்போது என் சீட்டில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நிருவுக்கு மே 23 பெங்களூரில் தேர்வு. விமானிப் பயிற்சிப் பள்ளி ஒன்று, கட்டணமே வாங்காமல் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்கிறதாம். தேர்வு முழுக்கச் சிமுலேட்டரில், அதாவது திரையில் ஓட்டும் விமானத்தில். சென்னை விமான நிலையத்தில் மூன்று முறை தரையிறக்கிக் காட்ட வேண்டும். அதனால் என் கம்ப்யூட்டர் 'நம்ம கம்ப்யூட்டர்' ஆகிவிட்டது.

அம்மா ஆலந்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வீட்டிலும் தீர்ப்புதான்.

"தெருவுல கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிப்பீங்கல்ல, அதே மாதிரி. ஆளுக்கொரு பார்ட்டு மாத்தி மாத்தி எடுங்க. ஒருத்தர் எடுத்ததுல இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. எடுத்தது எடுத்ததுதான்."

நிரு என்னைப் பார்க்காமலே தலையாட்டினாள். போன தீபாவளிக்குப் பிறகு அவள் என்னைப் பார்ப்பதில்லை. குளியலறைக்குள் நின்று "சென்னை டவர், சென்னை டவர்" என்று விமானி குரலில் அவள் பேசிப் பழகியதைக் கதவிடுக்கில் போனை வைத்துப் பதிவுசெய்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். அன்று முதல் தாம்பரத்திலிருந்து துபாய் வரை அவள் பெயர் டவர். என் வாழ்நாள் சாதனைகளில் இதற்கு முதலிடம்.

ஏப்ரல் 27

முதல் முறை என்னுடையது: கிராபிக்ஸ் கார்டு. டவர்: பிராசஸர். நான்: கண்ணாடிக் கதவு வைத்த கேபினட். டவர்: அதற்குப் பொருந்தும் மதர்போர்டு.

அடுத்து அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். எஸ்எஸ்டி. விஷயம் இதுதான்: இந்த ஃப்ளைட் சிம் விளையாட்டு பூமியையே டிஸ்க்கில் சுருட்டி வைத்திருக்கிறது. விமானம் முன்னால் போகப் போக, டிஸ்க் தரையை எடுத்து விரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் பாய் விரிப்பது மாதிரி விரிக்கும். பழைய வகை ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டு சுற்றி, ஊசி தேடி, கொட்டாவி விட்டு, அப்புறம் விரிக்கும்.

"ஸ்டோரேஜ் நான் எடுக்கிறேன்" என்றேன். "நாலு டெராபைட் ஹார்ட் டிஸ்க்."

"டேய், அதுல ஃப்ளைட் சிம் ஓடாதுடா."

"ஓடும். மெதுவா."

"அம்மா, இவன் வேணும்னே பண்றான்."

அம்மா கோப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "எடுத்தது எடுத்ததுதான்."

டவர் ரேம் எடுத்தாள். எடுத்துவிட்டு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வரி விதித்தால் அரசாங்கம் நிமிர்ந்துவிடும்.

ஏப்ரல் 29

ரிச்சி தெரு. வெயிலில் தார் ஒட்டுகிறது. ஜாபர் அண்ணன் கடையில் எல்லாம் வாங்கினோம். ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்து அவர் என்னைப் பார்த்தார். "ஃப்ளைட் சிம்முக்கா இது? மாட்டுவண்டில ஏரோப்ளேன் டயரா, தம்பி?"

டவர் சிரித்தாள். அவர் மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். என் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது.

மே 1

பெட்டி என் கையால் உயிர்பெற்றது. முதல் பறத்தல் டவருடையது, தேர்வு அவளுக்கு என்பதால். அனகாபுத்தூர் பக்கமிருந்து தாழ்வாக வந்தாள். கீழே ஒரே பச்சைக் களிமண். ஓடுபாதை இருக்க வேண்டிய இடத்திலும் களிமண். இடம் தெரியாமல் தாண்டிப்போய் அவள் கூவத்தை நெருங்கும்போதுதான் பின்னால் அடையாறு முளைத்தது. அவள் மோதி முடித்த பிறகு ஓடுபாதை மெதுவாக, மரியாதையாக, வந்து சேர்ந்தது.

தரையே இல்லாமல் தரையிறக்கம் செய்த முதல் தமிழ்ப் பெண் என்று வாழ்த்தினேன். இறக்கத்துக்கும் இரக்கத்துக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். என்னிடம் இரண்டுமே கேட்காதே என்றும் சொன்னேன்.

ஜாய்ஸ்டிக்கை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். எறியவில்லை. வைத்தாள்.

மே 2

பேச்சுவார்த்தை இல்லை. சாம்பார்கூட அம்மா வழியாகத்தான் வருகிறது.

மே 4

எதிரி வெள்ளைக்கொடியோடு வந்தாள். கொடி கிழிசல்.

"எனக்கு இன்னும் ரெண்டு முறை பாக்கி இருக்கு. ரெண்டையும் நீயே எடுத்துக்கோ. ஸ்டோரேஜை எனக்கு விட்டுடு."

"ரெண்டும் எனக்கா? ஹெட்போன் எடுக்கலையா நீ?"

"வேணாம். சத்தம் இல்லாமலே ஓட்டிக்கிறேன்."

சம்மதித்தேன். அவள் முறைகள் இரண்டில் எனக்குக் கிடைத்தவை: நல்ல ஸ்பீக்கர், வானவில் விளக்கெரியும் பெரிய கூலர். பிராசஸர் உழைக்க உழைக்கச் சூடாகும். அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சி ஊதித் தள்ளுவதுதான் கூலரின் பிழைப்பு. பிராசஸரோடு இலவசமாக வந்த கூலரே போதும்தான். ஆனால் அதற்கு விளக்கு இல்லை.

மே 6

ஜாபர் அண்ணன் போனில் மறுபடியும் சொன்னார்: "கொண்டாந்தீங்கன்னா நானே மாட்டிடுவேன். சின்னச் சின்ன விஷயம் இருக்கு, தம்பி."

சின்ன விஷயங்கள் சின்னவர்களுக்கு. டவரின் எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை அளவுதான். மதர்போர்டில் அதன் இடம் பழைய கூலருக்குப் பக்கத்திலேயே இருந்தது. எஸ்எஸ்டியைச் செருகி, பழைய கூலரைக் கழற்றி, கையோடு என் வானவில் கூலரை மாட்டினேன். பிராசஸர் மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் வெள்ளைப் பசையைக் கல்யாண வீட்டுச் சந்தனம்போல் தாராளமாகப் பூசினேன். கையேட்டைப் பிரிக்கவில்லை. கையே இருக்கும்போது ஏடு எதற்கு. மொத்தம் பதினொரு நிமிடம். உலக சாதனையாக இருக்கும். பதிவு செய்ய ஆளில்லாததால் நானே செய்கிறேன்.

மே 7

ஒப்புக்கொள்கிறேன், எஸ்எஸ்டி வேகம்தான். திருநீர்மலைக் கோயில் படிகள்கூடத் தெரிந்தன. அப்பா ட்யூட்டி முடிந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். விமான ஊழியர்களை வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கும் திரும்பவும் கொண்டுவிடும் வண்டி அவருடையது. பத்து வருடமாக விமானிகளின் தூக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தவர்.

"நம்ம வீடு தெரியுதாம்மா?"

"இதோ வருதுப்பா. ஐந்நூறு அடி. நம்ம மாடிக்கு மேலதான் இருக்கோம்."

பெட்டிக்குள் காற்றாடி ஓலமிட்டது. டப். திரை கறுப்பு. முழுப் பெட்டியும் அணைந்துவிட்டது.

ஐந்து தடவை முயன்றாள். நகரம் நெருங்க நெருங்கப் பெட்டி மூச்சிரைக்கும். பொழிச்சலூர் வந்ததும் அணையும். எங்கள் வீட்டைப் பார்த்தாலே மயக்கம் போடுகிறது.

மே 9

கோர்ட் கூடியது. நீதிபதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"முதல்ல அணையலையே. அதுக்கப்புறம் பெட்டிக்குள்ள புதுசா என்ன வந்துச்சு?"

"அவ டிஸ்க்கு" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

அந்த நேரம் கண்ணாடிக் கதவுக்குள் என் கூலர் வானவில்லாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது அலங்காரம். அலங்காரத்தை எல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தீர்ப்பு: எஸ்எஸ்டியில் கோளாறு. நிரு கடைக்குப் போய்க் காட்ட வேண்டியது.

மே 11

நான் கழற்றிக் கொடுத்த எஸ்எஸ்டியை ஜாபர் அண்ணன் ஒரு மணி நேரம் சோதித்தாராம். டவர் வந்து சொன்னாள்: "டிஸ்க்கு தங்கமாம். பெட்டியைக் கொண்டாரச் சொன்னாரு."

"பெட்டி வராது."

"ஏன்?"

"கேபினட் நான் எடுத்தது. எடுத்தது எடுத்ததுதான்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தன் சட்டத்தின் வாலைத் தானே மிதித்த முகம். "கொடுத்துத் தொலையேன்டா" என்றார். சட்டத்தைச் சுட்டிக்காட்டினேன். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மே 14

"உள்ள என்னடா வெச்சிருக்க? டைமரா?"

"நான் ஒண்ணும் பண்ணலை."

"உன்னைத் தெரியாதா எனக்கு? குளியலறைக் கதவுல போனை வெச்சவன்தானே நீ."

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் எதுவும் செய்யாத ஒரே சமயம் இது. அதற்கும் என்னையே பிடித்தால் எப்படி. சத்தியமாக நான் எந்தக் குறும்பும் செய்யவில்லை. அம்மா தலையில் அடித்துச் சொன்னேன்; அம்மா தலையை நகர்த்திக்கொண்டார்.

ஆளில்லாத பாலைவன விமான நிலையத்தில் இறங்கிப் பழகு, பெட்டி தாங்கும் என்று பெருந்தன்மையோடு யோசனை சொன்னேன். "தேர்வுல ஒட்டகமா இருக்கும்?" என்றாள். மறுபடி சென்னைக்கே கிளம்பினாள். காற்றாடி ஓலம், டப், நாற்காலி கிறீச். மறுபடி ஆரம்பம்.

மே 17

மதியம் வீட்டில் யாருமில்லை. பெட்டியைத் திறந்தேன். கூலரைக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன். பெட்டியை மூடினேன். எழுதும்படி ஒன்றுமில்லை.

மாலை விஜயா அத்தை வந்தார். "என்னடா பவி, பெட்டி பெட்டின்னு பேசினியே, ஓடுதா?" என்று கேட்டார். அப்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டவர் சொன்னாள்: "அவனுக்கு வாய் நாலு டெராபைட்டு அத்தை. உள்ள ஒரு ஃபைலும் இல்ல."

அத்தை சிரித்தார். அம்மா சிரித்தார். அப்பாகூடச் சிரித்தார். நான் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துவிட்டது.

மே 18

பசை தீர்ந்துவிட்டது. கூலரை மறுபடி கழற்றினால் புதுப் பசை வேண்டும். அதற்கு ரிச்சி தெரு போக வேண்டும். ஜாபர் அண்ணன் ஏன் எதற்கு என்று கேட்பார். வெயில் வேறு நாற்பது டிகிரி. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 20

இன்று அவள் என் அறைக்கு வந்தாள். நின்றாள். சண்டைக் குரல் இல்லை.

"பவி. இன்னும் மூணு நாள்தான் இருக்கு. உனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லிடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"டிஸ்க்கை மாத்து" என்றேன். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போன் அணைந்திருந்தது.

மே 22

அப்பாவும் அவளும் மதிய ரயிலுக்குக் கிளம்பினார்கள். அப்பா இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார். வண்டியில் ஏறும் விமானிகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்: "என் பொண்ணு உங்க பக்கத்து சீட்டுக்கு வரா சார்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நிரு சொன்னாள்: "பெட்டி இனிமே உனக்கே. எல்லா முறையும் நீயே எடுத்துக்கோ."

ஆல் தி பெஸ்ட் சொல்லலாம் என்று போவதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. மெதுவாகத்தான் போனேன்.

மே 23

நிபுணர் செய்தி. பெட்டியின் நோயைக் கண்டுபிடித்துக் குணப்படுத்திவிட்டேன். காலையில் ரிச்சி தெரு போய்ப் பசை வாங்கி, மதியம் பத்தே நிமிடத்தில் முடித்தேன். கூலரின் அடியில் செம்புத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. 'பொருத்துவதற்கு முன் உரிக்கவும்' என்று இங்கிலீஷிலும் சீனத்திலும் சிவப்பு எழுத்து. புதுப் போனுக்கு ஒட்டி வருமே, அந்த மாதிரித் தாள். சூடு அதைத் தாண்டிக் கூலருக்குப் போகவே இல்லை. பிராசஸர் போர்வைக்குள் காய்ச்சல்காரன்போல் வெந்து, தாங்க முடியாமல் தன்னையே அணைத்துக்கொண்டிருக்கிறது. இன்றுதான் பார்த்தேன். யாருக்கும் நடக்கக்கூடியது.

உரித்தேன். பூசினேன். மாட்டினேன். அனகாபுத்தூரிலிருந்து வந்தேன். ஐந்நூறு அடி, எங்கள் மாடி, முந்நூறு, நூறு. இறங்கிவிட்டது. விமானம் ஓடுபாதையிலிருந்து புல்லுக்குப் போனது, ஆனால் இறங்கிவிட்டது. பெட்டி குளுகுளுவென்று இருந்தது.

கைதட்ட யாருமில்லை. அம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

மே 24

வந்துவிட்டார்கள். அப்பா நேராகக் குளிக்கப் போனார். நிரு பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அம்மா கேட்கவில்லை, துண்டை மட்டும் நீட்டினார். அவளாகவே சொன்னாள்.

"மூணு தடவையும் நல்லாதான் கொண்டுவந்தேன்மா. உசரம், வேகம், எல்லாம் சரி. ஐந்நூறு அடி வந்ததும் கை தானா விட்டுடுச்சு."

"விட்டுடுச்சுன்னா?"

"ஸ்டிக்லேந்து எடுத்துட்டேன். அணையப் போகுதுன்னு காத்துட்டு இருந்தேன். அது அணையல. மூணு தடவையும் அப்படியே." தம்ளரை வைத்தாள். "அந்த சார் கேட்டாரு, இவ்ளோ நல்லா வந்துட்டு ஏன்மா கையை எடுத்தீங்கன்னு. என்ன சொல்றதுன்னே தெரியல. மூணு வாரத்துல நான் ஒரு தடவைகூடக் கீழ இறங்கினதில்லையே."

அடுத்த வருடம் மறுபடி எழுதலாமாம். அடுத்த வருடமும் கட்டணமில்லாத இடம் இருக்குமா என்று அவர்களுக்கே தெரியாதாம்.

அதன் பிறகு நான் செய்தது இது. அவள் பின்னாலேயே போய், பெட்டி சரியாகிவிட்டது, கூலரில் தாள் ஒட்டியிருந்தது, மாட்டியது நான்தான், உரிக்க மறந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். தாளையும் காட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, சிவப்பு எழுத்தை முழுசாகப் படித்தாள்.

"இதை எப்ப பாத்த?"

"நேத்து."

தாளை என் கையில் திருப்பி வைத்தாள். அப்புறம், "மடையா. படிக்கக்கூடவா தெரியாது உனக்கு" என்றாள். பிறகு ஆச்சரியமாக என் தலையில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். "விடு. தெரியாமப் பண்ணதுதானே. நான்கூட நீ வேணும்னே ஏதோ பண்றன்னு நெனச்சேன்."

மன்னிப்பு கிடைத்தது. ஏழு மாதத்தில் அவள் என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை. இரவு உணவுக்கு அவளே சாம்பார் ஊற்றினாள். சாப்பிட முடியவில்லை.

மே 25

நிரு, இந்தப் பக்கம் உனக்கு. முந்தைய பக்கங்களில் உன்னை டவர் என்றுதான் எழுதியிருப்பேன். அதையும் படித்துத் தொலை.

நேற்று சொன்னது பொய். முந்தாநாள் இந்த நோட்டிலேயே எழுதினேன், இன்றுதான் பார்த்தேன் என்று, அதுவும் பொய். நோட்டுக்கே பொய் சொல்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

பதினேழாம் தேதி பார்த்தேன். கூலரைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டதே அந்தச் சிவப்பு எழுத்துதான். உரித்துவிட்டுப் போட்டிருக்கலாம், அரை நிமிட வேலை. உரித்தால் பசை துடைக்க வேண்டும், புதுசு வாங்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும் என்று நினைத்துத் திரும்ப அப்படியே மாட்டினேன். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அத்தை முன்னால் நீ அப்படிச் சொன்னதும், சரி, கிட, என்று விட்டுவிட்டேன். காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

நீ என் அறைக்கு வந்து கேட்ட அன்றும் எனக்குத் தெரியும்.

பதினேழு சாயங்காலத்திலிருந்து நீ ரயிலேறும் வரை முப்பத்தொரு தடவை கிளம்பினாய். பக்கத்து அறையில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி கடைசியில் அணைவதற்கு முன்னாலேயே நாற்காலி கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது. நீ கையை எடுத்துவிட்டுச் சாய்கிற சத்தம் அது என்று நேற்றுதான் புரிந்தது.

பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை என்பாய். காலையிலிருந்து உன் கதவு வரைக்கும் நாலு முறை வந்தேன். நாலு முறையும் தண்ணி குடிக்க வந்த மாதிரி திரும்பிப் போனேன். எனக்கு வாயே கிடையாது, நிரு. அதனால்தான் நோட்டைக் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போகிறேன். அம்மா பால் வாங்கச் சொல்லவில்லை.